நீரூடகப் பயிர்ச்செய்கையில் பீ.எச். பெறுமானத்தின் ஏற்றவிறக்கம்: ஓர் இயக்கவியல் நோக்கு

1

தமிழ்ச் சங்கத்தின் ஆய்விதழொன்றிலே, இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட ஒருவன் பயிரின் வேர் நீரைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், விஞ்ஞானத்தைத் தமிழில் எடுத்துரைப்பது இந்நாட்டுக்குப் புதிய செயலன்று. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, அதற்கு வேண்டிய நூல்களையும் தமிழிலே ஆக்குவித்த வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீனின் முயற்சியை நாம் அறிவோம். அன்றியும், இங்கு எடுத்துக்கொண்ட பொருள் வெறுஞ் செய்முறை சார்ந்ததுமன்று. மண்ணின்றி, போசணை உப்புக்கள் கரைந்த நீரிலே பயிர் வளர்க்கும்போது அந்நீரின் அமிலத்தன்மை ஏறியும் இறங்கியும் அலைவதேன், அதனை எவ்வாறு நெறிப்படுத்தலாம் என்னும் வினா, உயிருக்கும் அதன் சூழலுக்கும் இடையிலான உறவை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்கிறோம் என்னும் வினாவோடு பிணைந்துள்ளது.

இவ்வினா எனக்கு நூலகத்தில் எழுந்ததன்று. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்யும் தீர்மானம் அறிவிக்கப்பட்டு, மே மாதத்தில் வர்த்தமானி மூலம் நடைமுறைக்கு வந்து, நவம்பரில் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. அந்நாட்களில் வீட்டு முற்றங்களிலும் மொட்டைமாடிகளிலும் மரக்கறி பயிரிடப் பலர் முனைந்தனர், நானும் முனைந்தேன். யாழ்ப்பாணத்திலுள்ள பெற்றோர் வீட்டிலே, மீன் வியாபாரிகள் கழித்துவிட்ட ரெஜிபோம் பெட்டிகளிலும் ஒரு பெரிய நீர்த்தாங்கியிலும் சலாதும் தக்காளியும் வளர்க்கலானேன். போசணை உப்புப் பொதியோடு வந்த துண்டுப் பிரசுரம், பீ.எச். பெறுமானம் 5.5 இற்கும் 6.5 இற்கும் இடையில் இருத்தல் வேண்டும் என்றது. உயர்ந்தால் அமிலமும் தாழ்ந்தால் காரமும் சேர்க்க என்றது. அவ்வளவே. கிணற்று நீரிலே அமிலத்தை விட்டு 5.8 இற்குக் கொண்டுவந்தால் மறுநாட் காலையில் மானி 7 இற்கு மேலே காட்டிற்று. மீண்டும் அமிலம், மீண்டும் ஏற்றம். இளம் இலைகள் மஞ்சளாயின. இரும்புச் சத்துக் குறைவு என்றெண்ணி இரும்பைச் சேர்த்தேன், மஞ்சள் மாறவில்லை. நவம்பரில் மழை தொடங்கியதும் பீலியால் வடிந்த மழைநீரை நிரப்பி, நாடோறும் இட்டுப் பழகிய அதே அளவு அமிலத்தை இட்டேன். மானி 3.4 காட்டிற்று. மானி பழுதென்று கருதி அன்றிரவு அப்படியே விட்டேன். சில நாட்களுக்குள் வேர்கள் பழுப்பேறி வழுவழுத்துப் போயின. சலாது முழுவதும் அழிந்தது.

மானியிற் பழுதில்லை. ஒரே அளவு அமிலம் ஒரு நீரிலே பயனற்றுப் போவதும் மற்றொரு நீரிலே பேரழிவாவதும் எங்ஙனம்? துண்டுப் பிரசுரத்தை எழுதியவர் பீ.எச். என்பதை நீரின் ஒரு குணமாக, அதாவது தனித்து நிற்கும் ஓர் எண்ணாகக் கொண்டிருந்தார். நானும் அவ்வாறே கொண்டிருந்தேன். கோளாறு அங்கேதான் தொடங்கிற்று.

2

பீ.எச். என்னும் அளவை டென்மார்க்கைச் சேர்ந்த இரசாயனவியலாளர் சோரன்சன் 1909 இல் வகுத்தார். அவர் பணியாற்றிய ஆய்வுகூடம் கோபன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பெர்க் மதுவடிசாலையினுடையது என்பது மனங்கொள்ளத்தக்கது. நொதியங்களின் செயற்பாட்டை ஒழுங்குபடுத்த வேண்டிய உற்பத்தித் தேவையின் அயலிலேதான் இவ்வளவு பிறந்தது. கண்ணாடி மின்வாயைக் கொண்டு இதனை எளிதில் அளக்கும் கருவியை 1934 இல் ஆர்னொல்ட் பெக்மன் அமைத்ததும் கலிபோர்னியாவின் எலுமிச்சம்பழச் சாற்றுத் தொழிலின் பொருட்டேயாகும். தூய விஞ்ஞானம், பிரயோக விஞ்ஞானம் என்று இருகூறிட்டுப் பேசுவோர் இவ்வரலாற்றைச் சற்று நோக்குதல் நன்று.

நீரிலுள்ள ஐதரசன் அயன்களின் செறிவை மடக்கையளவிற் சொல்வதே பீ.எச். எனவே ஓரலகு இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கும், இரண்டலகு இறங்கினால் நூறு மடங்கும் பெருகும். 7 நடுநிலை. இங்குக் கவனிக்க வேண்டியது யாதெனில், பீ.எச். காட்டுவது அக்கணத்தில் சுயாதீனமாக நிற்கும் அமிலத்தின் செறிவை மட்டுமே. அமிலத்தை உள்வாங்கிக்கொண்டு வெளியே காட்டாதிருக்கும் நீரின் திறனை அது சொல்லாது. அத்திறனையே தாங்கற்றிறன் என்பர். கிணற்று நீரில் அதனைப் பெரும்பாலும் அளிப்பது இருகாபனேற்று.

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மீது அமைந்தது. மழைநீர் மண்ணினூடு இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து, கல்சியமும் இருகாபனேற்றுமாகக் கிணற்றை அடைகிறது. நம் வீடுகளிலே கேத்திலின் அடியிற் படியும் வெண்படிவு இதன் சாட்சி. மத்திய மலைநாட்டின் உருமாறிய பாறைகள் மீது ஓடிவரும் மென்னீருக்கு இக்குணம் மிகக் குறைவு. பேராதனையில் ஒருவர் வெற்றியுடன் கையாளும் அமில அளவு கோண்டாவிலிற் பயன்படாதிருப்பதற்கு இதுவே காரணம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தாங்கற்றிறன் ஏதுமில்லாத 100 லீற்றர் நீரை 7 இலிருந்து 5 இற்குக் கொண்டுவர ஏறத்தாழ 1 மில்லிமூல் அமிலம் போதும். இது செறிந்த அமிலத்தில் ஒரு துளி அளவுதான். கல்சியங் காபனேற்றாகக் கணித்தால் லீற்றருக்கு 300 மில்லிகிராம் காரத்தன்மை கொண்ட கிணற்று நீர் 100 லீற்றரில் ஏறத்தாழ 600 மில்லிமூல் இருகாபனேற்று உண்டு. அதனை 5.8 இற்குக் கொண்டுவர இதில் ஐந்தில் நான்கு பங்கை அமிலத்தால் மாற்ற வேண்டும். அதாவது ஏறத்தாழ 470 மில்லிமூல். மானியின் முன்னே இவ்விரு நீர்களும் ஒத்துத் தோன்றலாம். உள்ளே நூற்றுக்கணக்கான மடங்கு வேறுபாடு கிடக்கிறது.

மறுநாட் காலை மானி ஏறியிருப்பதன் மருமமும் இதில் அடங்கும். அமிலம் பட்ட இருகாபனேற்று காபனீரொட்சைட்டாகி நீரிலே கரைந்து நிற்கிறது. அது கரைந்து நிற்கும்வரை நீர் சற்று அமிலமாகத் தோன்றும். இரவு முழுவதும் காற்றுப் பம்பி குமிழிட, அவ்வாயு வெளியேறுகிறது. எஞ்சிய இருகாபனேற்று தன் இயல்பைக் காட்டுகிறது. ஆக, நான் முதல்நாள் கண்ட 5.8 ஒரு தற்காலிகத் தோற்றம் மட்டுமே. அதன்பின் பயிர் ஆவியுயிர்ப்பால் இழக்கும் நீரை நாடோறும் கிணற்று நீரால் நிரப்புகிறோம். நீர் ஆவியாகிப் போகிறது, இருகாபனேற்று போவதில்லை. தாங்கியிலே அது நாளடைவிற் குவிகிறது.

அளவு மாற்றம் பண்பு மாற்றமாக உருவெடுக்கும் விதியை விளக்க ஏங்கெல்ஸ் கொதிக்கும் நீரை எடுத்துக்காட்டினார். இருகாபனேற்று நீரிலே அமிலத்தைத் துளிதுளியாகச் சேர்ப்பதும் அதற்கு நல்லதோர் உதாரணமாகலாம். நெடுநேரம் மானி மெல்லவே அசையும். தாங்கும் பொருள் தீர்ந்த கணத்தில், ஏறத்தாழ 4.5 இன் அயலிலே, அடுத்த சில துளிகள் செங்குத்தான வீழ்ச்சியை உண்டாக்கும். மழைநீரிலோ அவ்வெல்லை தொடக்கத்திலேயே கடக்கப்பட்டுவிடுகிறது. என் சலாது அழிந்த கதை இதுதான்.

3

இதுவரை கூறியது நீரின் இரசாயனம். இதனோடு நின்றால், மழைநீரை மட்டும் பயன்படுத்துவோருக்குச் சிக்கல் ஏதும் இருத்தலாகாது. ஆனால் மழைநீரிற் பயிர் வைத்தவர்களும் பீ.எச். அலைவதைக் காண்கின்றனர், சில வேளை இன்னும் வேகமாகவே அலைகிறது. அங்கே செயற்படுவது பயிர்.

தாவரம் போசணைகளை அயன்களாக, அதாவது மின்னேற்றம் கொண்ட துணிக்கைகளாக உறிஞ்சுகிறது. பொற்றாசியம், கல்சியம், அமோனியம் ஆகியன நேரேற்றம் கொண்டவை. நைத்திரேற்று, பொசுபேற்று, சல்பேற்று ஆகியன மறையேற்றம் கொண்டவை. தன்னுள்ளே மின்சமநிலையைப் பேணும் பொருட்டு, மறையேற்ற அயன்களை அதிகம் ஏற்கும்போது வேர் ஐதரொட்சைட்டையோ இருகாபனேற்றையோ வெளிவிடுவதற்கு ஒப்பான விளைவை உண்டாக்குகிறது; நீர் காரமாகிறது. நேரேற்ற அயன்களை அதிகம் ஏற்கும்போது ஐதரசன் அயனை வெளிவிடுகிறது, நீர் அமிலமாகிறது. பயிர் மிகுதியாக ஏற்பது நைதரசனையே. எனவே நைதரசன் எவ்வுருவில் அளிக்கப்படுகிறது என்பதே பீ.எச். எத்திசையிற் செல்லும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நைத்திரேற்றாயின் ஏற்றம், அமோனியமாயின் இறக்கம்.

இவ்வுறவு எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதற்குப் பின்னால் ஒரு சமூக வரலாறு உண்டு. 1860களில் யேர்மனியிலே யூலியஸ் ஃபொன் சக்ஸும் வில்ஹெல்ம் க்னொப்பும் தாவரத்துக்கு எவ்வெவ் உப்புக்கள் தேவை என்பதை அறியவே நீரிலே பயிர் வளர்த்தனர். அது ஆய்வுகூட உத்தி. அதனை வணிகப் பயிர்ச்செய்கையாக்கலாம் என 1929 இலிருந்து வாதிட்டவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து வில்லியம் கெரிக். 'ஹைட்ரோபொனிக்ஸ்' என்னும் பெயரை அவர் 1937 இல் உலகறியச் செய்தார். பெருமந்த காலம் அது. அமெரிக்க நடுப்புலங்களிலே மண் புழுதியாகப் பறந்து, குடியானவர்கள் நிலமிழந்து கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்த காலம். நிலமே வேண்டாத வேளாண்மை என்ற கனவு பத்திரிகைகளைக் கவர்ந்ததில் வியப்பில்லை. நிலவுடைமை என்னும் சிக்கலை அவிழ்க்காமலே நிலத்தைக் கடந்துவிடலாம் என்ற ஆசை அதிற் பொதிந்திருந்தது.

அதே பல்கலைக்கழகத்தின் டெனிஸ் ஹோக்லண்டும் டானியல் ஆர்னொனும் இவ்வாரவாரத்தைப் பரிசீலித்து 1938 இல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டனர். நீரூடகம் நல்ல மண்ணைவிடத் தன்னளவில் மிகு விளைவைத் தருவதன்று என்பது அவர்களது முடிபு. மிகைப்படுத்தலைத் தணிக்க எழுதப்பட்ட அவ்வறிக்கையே, 1950 இல் திருத்தப்பட்டு, இன்றுவரை உலகெங்கும் பயன்படும் போசணைக் கரைசலின் மூலமாயிற்று என்பது வரலாற்றின் முரண்நகை. அவர்கள் இரு கரைசல்களைத் தந்தனர். முதலாவதில் நைதரசன் முழுவதும் நைத்திரேற்று. லீற்றருக்கு 15 மில்லிமூல். இரண்டாவதிலும் மொத்தம் 15. ஆனால் 14 நைத்திரேற்று, 1 அமோனியம். இச்சிறு மாற்றத்தால், கரைசல் காரமாகிப் போவது தாமதப்படும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வெளியிலிருந்து அமிலம் ஊற்றாது, பயிரின் உணவையே மாற்றியமைத்துப் பயிரைக் கொண்டே பீ.எச்.சை நெறிப்படுத்தும் உபாயம் இது. பொதியோடு வரும் துண்டுப் பிரசுரங்கள் இதனை விளக்குவதில்லை.

1942 இல் ஆர்னொனும் ஜோன்சனும் வெளியிட்ட பரிசோதனை இன்னும் கருத்தைக் கவர்வது. தக்காளி, சலாது, ஒரு வகைப் புல் ஆகியவற்றை 3 முதல் 9 வரையிலான பீ.எச். பெறுமானங்களிலே, போசணைகள் தட்டுப்படாதவாறு கவனமாகப் பேணி வளர்த்தனர். 3 இல் பயிர் அழிந்தது. 9 இல் நலிந்தது. ஆனால் 4 இலிருந்து 8 வரையான விரிந்த பரப்பிலே, வேண்டிய போசணைகள் கிடைக்கும்வரை பயிர்கள் வளர்ந்தன. இதன் பொருள் யாது? அதீத எல்லைகளை விட்டால், பயிரை வாட்டுவது அந்த எண்ணன்று. அந்த எண்ணில் இரும்பும் மங்கனீசும் பொசுபேற்றும் அடையும் நிலையே. பீ.எச். உயரும்போது இரும்பு வீழ்படிவாகி வேருக்கு எட்டாதுபோகிறது. என் தாங்கியிலே இரும்பு இல்லாமலில்லை; வேர் ஏற்கத்தக்க உருவில் இல்லை, அவ்வளவே. பேர்க்லியில் யேக்கப்சன் 1951 இல் காட்டியவாறு ஈ.டீ.ரீ.ஏ. என்னும் சேர்வையோடு பிணைத்த இரும்பு கரைசலில் நெடுநாள் நிற்கும். ஆயின் அப்பிணைப்பும் ஏறத்தாழ 6.5 இற்கு மேலே நெகிழத் தொடங்கும். கடின நீர் உடையோர் டீ.ரீ.பீ.ஏ. அல்லது ஈ.டீ.டீ.எச்.ஏ. பிணைத்த இரும்பைத் தேடுவது இதனாலேயே.

4

விவசாய இரசாயனத்தை அறியாமல் நிலவாடகை பற்றி எழுதவியலாது என்றுணர்ந்து 1865, 1866 ஆம் ஆண்டுகளில் மார்க்ஸ் லீபிக்கை ஊன்றிப் படித்தார். அப்படிப்பின் பயன் 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலே, மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான அனுசேபத்தை முதலாளித்துவ உற்பத்தி குலைப்பது பற்றிய பகுதியிற் புலனாகும். நகரம் உண்பதற்காக மண்ணினின்றும் அகற்றப்பட்ட போசணை, மண்ணுக்குத் திரும்புவதில்லை. அண்மைக் காலத்தில் ஜோன் பெலமி பொஸ்ரர் போன்றோர் இதனை 'அனுசேபப் பிளவு' என்று விரித்துரைத்துள்ளனர். நீரூடகப் பயிர்ச்செய்கை இப்பிளவின் ஒரு நுனி. மண்ணின் களியும் சேதனப் பொருளும் அமிலத்தையும் அயன்களையும் தம்மிலே பிடித்துவைத்து, வேரின் செயலுக்கும் சூழலின் மாற்றத்துக்கும் இடையே நின்று தாங்கிக்கொள்கின்றன. நீரூடகம் அந்த இடையீட்டை நீக்கிவிடுகிறது. எனவே மண்ணிலே மறைந்து கிடந்த உறவு இங்கே திறந்த வெளியில், சில மணி நேரத்திலேயே, மானியின் முகத்திலே தெரிகிறது.

உயிரி என்பது ஏற்கெனவே அமைந்த ஒரு சூழலுக்குள் தன்னைப் பொருத்திக்கொள்ளும் பொருள் மட்டுமன்று. தன் சூழலைத் தானே ஆக்கிக்கொண்டும் இருப்பது என்று 1985 இல் வெளிவந்த 'இயக்கவியல் உயிரியலாளர்' என்னும் நூலில் லெவின்சும் லெவொன்ரினும் வாதிட்டனர். நூலைப் படித்தபோது தலையசைத்தேன். பெட்டியைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. இதற்கு மிக அழகிய சான்று இரும்புத் தட்டுப்பாடு. தக்காளி முதலான இருவித்திலைத் தாவரங்கள் இரும்பு போதாதபோது வேரினின்றும் ஐதரசன் அயன்களைச் சுரந்து அயலிலுள்ள நீரை அமிலமாக்கி இரும்பைக் கரைக்க முயல்கின்றன. அந்நேரத்தில் பீ.எச். இறங்குவதைக் கண்டு காரத்தை ஊற்றுபவர் பயிரின் முயற்சியைத் தோற்கடிக்கிறார். கருவியின் எண்ணைச் சரிசெய்கிறோம் என்ற நம்பிக்கையிலே பயிரோடு பொருதுகிறோம்.

இலக்கிய மாணவர்க்கு இதில் அந்நியமானது ஏதுமில்லை. ஒரு சொல்லின் பொருளை அச்சொல்லிற்குள்ளே மட்டும் தேடுவதில்லை; அது எவ்விடத்தில், எச்சொற்களின் அயலில், யார் வாயில் வருகிறது என்று பார்க்கிறோம். 6.9 என்ற எண்ணும் அத்தகையதே.

5

இனி, நெறிப்படுத்தும் வகை. முதலிற் செய்யவேண்டியது, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து, நீர்மட்டத்தோடு சேர்த்துக் கொப்பியிற் குறித்தல். தனியொரு நாளின் எண்ணைவிட அது செல்லும் திசையே பேசும். நீர் நிரப்பிய மறுகணமே ஏறுவதாயின் காரணம் நீரின் இருகாபனேற்று. நாட்கணக்கில் மெல்ல மெல்ல ஏறி, பயிரும் செழிப்பாக வளர்வதாயின் அது நைத்திரேற்றை உண்ணும் பயிரின் இயல்பு. அதைக் கண்டு பதறவேண்டியதில்லை. பகலில் ஏறி இரவில் இறங்குவதாயின் தாங்கியினுள் வெளிச்சம் புகுந்து பாசி பிடித்துள்ளதா என்று பார்க்க வேண்டும். பாசி பகலிலே காபனீரொட்சைட்டை உண்டு பீ.எச்.சை உயர்த்தும். இதற்கு மருந்து அமிலமன்று. கறுப்பு நிறத் துணியோ பழைய சாக்கோ போதும். தொடர்ந்து இறங்குவதாயின் அமோனியம் மிகுந்திருக்கலாம், இரும்பு குறைந்திருக்கலாம், தக்காளி காய்ப் பருவத்தை அடைந்து பொற்றாசியத்தைப் பெருமளவில் இழுக்கத் தொடங்கியிருக்கலாம். கண்ணாடி மின்வாயை நியமத் தாங்கற் கரைசல்களிலே அடிக்கடி சோதித்தாலன்றி இக்குறிப்புக்கள் யாவும் பொய்க்கும் என்பதையும் சொல்லவேண்டும்.

நீரைப் பொறுத்தவரை நமக்கு வாய்த்த பெரும் சாதனம் மழை. மேலே கூறிய கடின நீர் ஒரு பங்குடன் மழைநீர் ஐந்து பங்கு கலந்தால் லீற்றருக்கு 1 மில்லிமூல் இருகாபனேற்று எஞ்சும். இவ்வளவு இருப்பது நன்று. எதிரியென்று கருதிய பொருள் சிறிதளவில் காவலனாகிறது; மழைநீர் மட்டுமாயின் பயிரின் ஒவ்வோர் அசைவும் பீ.எச்.சை எறிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால், சேகரிக்கும் தாங்கி இல்லாதவருக்கு இவ்வழி ஆண்டு முழுவதும் திறந்திராது. தாங்கி வாங்குவதற்குப் பணம் வேண்டும். தொழினுட்பத் தீர்வுகள் யாவும் இறுதியில் இந்த வாயிலில் வந்தே நிற்கின்றன.

கிணற்று நீரையே நம்பியிருப்போர் அமிலத்தை நாடாமலிருக்க இயலாது. ஆனால் பயிரின் தாங்கியில் ஊற்றலாகாது. வேறொரு வாளியில் நீரை எடுத்து, அமிலமிட்டு, நன்றாகக் கலக்கி ஓரிரவு திறந்து வைத்து, வாயு வெளியேறிய பின் மறுநாள் அளந்து, தேவையாயின் இன்னும் சிறிது சேர்த்து, அதன்பின்னரே தாங்கிக்கு ஊற்ற வேண்டும். முதலில் 1 லீற்றரிற் பரீட்சித்து அளவை அறிந்துகொண்டால் 100 லீற்றருக்குப் பெருக்கிக்கொள்ளலாம். எவ்வமிலம் என்பதும் கருதத்தக்கது. முன்சொன்ன 470 மில்லிமூலையும் பொசுபோரிக் அமிலத்தால் நிறைவேற்றின், லீற்றருக்கு 4.7 மில்லிமூல் பொசுபரசு சேரும். ஹோக்லண்ட் கரைசலில் உள்ளதோ 1 மட்டுமே. மிகுதி, நீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து வீழ்படியும். நைத்திரிக் அமிலமாயின் நைதரசனாகப் பயன்படும். ஆனால் அது எளிதிற் கிடைப்பதுமில்லை, கையாள்வதும் ஆபத்து. சல்பூரிக் அமிலம் மலிவு. எனினும் பழைய பற்றரியிலிருந்து வடித்த அமிலத்தைப் பயன்படுத்துவோரைக் கண்டிருக்கிறேன். அதில் ஈயம் உண்டு, உண்ணும் பயிருக்கு ஒருபோதும் ஆகாது. எவ்வமிலமாயினும் நீரினுள்ளே அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டுமேயன்றி அமிலத்தினுள் நீரை ஊற்றலாகாது. தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும் தீங்கற்றவை. ஆனால் அவற்றின் சேதன அமிலத்தை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் உண்டுவிடும், பீ.எச். திரும்பவும் ஏறும்.

நைத்திரேற்றால் நேரும் மெதுவான ஏற்றத்துக்கு ஹோக்லண்ட், ஆர்னொன் காட்டிய வழியே சிறந்தது. கடைகளிற் கிடைக்கும் அமோனியம் சல்பேற்றில் ஏறத்தாழ 6.6 கிராம் 100 லீற்றருக்கு லீற்றரொன்றில் 1 மில்லிமூல் அமோனியத்தைத் தரும். பொதியில் ஏற்கெனவே அமோனியம் உண்டா என்று பார்த்தே இதைச் சேர்க்க வேண்டும். மொத்த நைதரசனில் பத்திலொன்றைத் தாண்டாதிருத்தல் நன்று. நமது வெப்பத்திலே இது முக்கியம்: வெம்மையான நீரில் ஒட்சிசன் குறைவு, வேரின் சுவாசமோ அதிகம், அமோனியத்தைத் தன்வயமாக்க வேண்டிய வெல்லத்தைச் சுவாசமே தின்றுவிட, அமோனியம் நஞ்சாகிறது. தக்காளியிலே அது கல்சியத்தின் உள்ளெடுப்பையும் குறைத்து, காயின் அடி கறுத்தழுகச் செய்யும். தாங்கியைப் பெரிதாக வைத்துப் பயிரைக் குறைத்தல் இவை யாவற்றையும்விட எளிய காப்பு. நீர் மிகுந்தால் அலைவு குறையும்.

அமிலமும் காரமும் மாறிமாறி ஊற்றுவோர் கடைசியில் செய்வது ஒன்றுண்டு: சலித்துப்போய்த் தாங்கியைக் கவிழ்த்துவிடுவது. நானும் 2022 நவம்பரில் அழிந்த சலாதோடு அதையே செய்தேன், கிணற்றிலிருந்து பத்தடி தூரத்தில். இதன் பொருள் பின்னரே உறைத்தது. வற்றாத ஆறொன்று இல்லாத குடாநாட்டிலே குடிப்பதும் அந்நிலத்தடி நீரையே. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செறிவாகப் பயிரிடப்பட்ட பகுதிகளின் கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கு விதந்துரைக்கப்பட்ட எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஹோக்லண்டின் முதலாவது கரைசலில் லீற்றருக்கு 930 மில்லிகிராம் நைத்திரேற்று உண்டு. முழு வலுவுள்ள 100 லீற்றர் கரைசலைக் கவிழ்ப்பது, தூய நீர் 1,800 லீற்றருக்கு மேற்பட்டதை அவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களினூடே அது கிணற்றை அடைய அதிக காலம் எடுக்காது.

இப்போது பழைய கரைசலை, பயிர் உண்டு வலுக்குறைந்த பின்னர், நீர் கலந்து வாழைப் பாத்திகளுக்கு விடுகிறோம். அதுவும் மழை பெய்யாத மாதங்களில், பாத்தி காய்ந்திருக்கும் வேளையில், சிறிது சிறிதாக. மாரி காலத்தில் தாங்கியைக் காலி செய்வதில்லை. அடுத்த பயிரைச் சனவரியில், அந்நீரிலேயே மழைநீர் சேர்த்து, கொப்பியின் முதற் பக்கத்திலே அன்றைய பெறுமானத்தைக் குறித்துத் தொடங்குகிறோம்.